மாமாவின் சீவாளியும் என் சீவாளியும்

சீவாளியின் நுனியில் நூல் போல ஒரு சிவப்பு இருந்தது.

மாட்டுங்காவில் ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நாயனத்திலிருந்து சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாணல் பட்டை) கழற்றித் துடைக்கும்போது அதைப் பார்த்தேன். நான் வெற்றிலை போடுகிறவன் இல்லை. மாமா போடுவார். அவருடைய வெற்றிலைச் சாறுதான் என்று நினைத்தேன். டம்ளர் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடியும் செருகிக்கொண்டேன்.

அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. புதுச் சீவாளி விறைப்பாக இருக்கும். வாயில் ஊறவைத்து, ஊதி, சுரண்டி, மறுபடி ஊறவைத்துப் பல நாள் பழக்கினால்தான் பேசும். எங்கள் செட்டில் அந்த வேலை முழுவதும் மாமாவுடையது. தன்னுடையதையும் என்னுடையதையும் இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டும் ஒரே வாயில் பதமானால்தான் ஒரே குரலில் பேசும் என்பது அவருடைய நம்பிக்கை. பதம் வந்த பிறகு ஒன்றை என்னிடம் நீட்டுவார். நான் வாங்கி வாயில் வைப்பேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடந்துவந்தது. எங்களில் யாரும் அதை எச்சில் என்று நினைத்ததில்லை.

அந்த முகூர்த்தக் காலம் முழுவதும் அவ்வப்போது சிவப்பைப் பார்த்தேன். அவ்வப்போது அலசினேன்.

மாமா என்று நான் சொல்வது என் மனைவி பேச்சியம்மாளின் அப்பா சங்கரலிங்கம் அவர்களை. அவர் முதல் நாயனம், நான் பக்க நாயனம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவர்கள். தாராவியில் கோலி என்று அங்கே சொல்வார்கள், ஒரே அறையும் மேலே ஒரு பரணுமான ஒரு சிறு வீட்டில் எல்லோரும் இருந்தோம். பகலில் நான் தோல் கிடங்குக்கு வேலைக்குப் போவேன். மாமாவுக்கு நாயனத்தைத் தவிர வேறு வேலை தெரியாது, வேண்டியதும் இல்லை. எழுபது தாண்டியவர் காலையில் திலக் நகரில் கிரகப்பிரவேசம் வாசித்துவிட்டு, சாயங்காலம் தாராவிக் கோயிலில் வாசித்துவிட்டு வந்து, அன்று சரியாக விழாத ஒரு ராகப் பிடியை வீட்டு வாசலில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப வாசிப்பார். பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மாள் தலையை நீட்டி, உங்களுக்குத்தான் தூக்கம் வராது, எங்களுக்குமா என்று கேட்பாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு இன்னொரு முறை வாசிப்பார்.

எனக்குச் சாயங்காலமானால் உடம்பு காய்ந்தது. சட்டை தொளதொளத்தது. இருமலைத் தோல் கிடங்குத் தூசியின் கணக்கில் எழுதினேன். ஒரு நாள் மாட்டுங்கா ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது இருமல் பிடித்துக்கொண்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு துண்டை வாயில் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் சிவப்பு. நாயனம் உறைக்குள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. சீவாளி அதற்கான டப்பாவில் இருந்தது. துண்டுக்கு வெற்றிலை வர வழியில்லை.

துண்டை உள்பக்கமாக மடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பேச்சியிடம் மட்டும் காட்டினேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சளிப் பரிசோதனையும் செய்தார்கள் (சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஏற்றி, கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது). டாக்டர் மாட்டுங்காவில் குடியிருக்கும் தமிழர், என்னைவிட இளையவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வலது நுரையீரலின் மேல்பக்கம் காசு அளவில் ஒரு வட்டத்தைக் காட்டினார். குழி விழுந்திருக்கிறது என்றார். காசநோய். சில மாதம் வார்டில் இருக்க வேண்டும், பிறகு வீட்டில் இருந்தபடி ஒன்றரை வருஷமாவது மருந்து சாப்பிட வேண்டும் என்றார். நாயனத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே என் தோளில் தொங்கிய நாயன உறையைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

வார்டு நீளமானது. இரண்டு பக்கமும் கட்டில். முதல் சில நாள் என் காது சும்மா இருக்கவில்லை. எந்த இருமல் மேல் ஸ்தாயி, எந்த இருமல் கீழ் ஸ்தாயி என்று பிரித்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் ஓய்ந்துவிட்டது.

மருந்து மூன்று விதம். ஸ்ட்ரெப்டோமைசின் (கிருமியைக் கொல்லும் ஊசி, இடுப்பில் போடுவார்கள், நாள் முழுவதும் கடுக்கும்). ஐ.என்.எச். (சிறிய மாத்திரை, தொந்தரவு குறைவு). பி.ஏ.எஸ். (கை நிறைய விழுங்க வேண்டிய மருந்து, வயிற்றைப் புரட்டும்). இந்த மூன்றாவதைப் பலர் ஜன்னலுக்கு வெளியே எறிந்ததைப் பார்த்திருக்கிறேன். எறியாதீர்கள். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால் கொஞ்சம் அடங்கும்.

ஒரு நாள் டாக்டர் என் கட்டில் ஓரம் நின்று, வீட்டில் வேறு யாருக்கு இருமல் என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். பேச்சியையும் பிள்ளைகளையும் பார்த்தாயிற்று, அவர்களுக்கு ஒன்றுமில்லை. தட்டு, டம்ளர் எல்லாம் தனித்தனியா என்றார். நான் படுத்த அன்றே பேச்சி பிரித்துவிட்டாள் என்றேன். உங்கள் பக்கத்தில் அதிக நேரம் உட்காருவது யார் என்றார். மாமா என்றேன். அப்புறம் சீவாளியைப் பற்றிச் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"காத்துலதான் இது பரவறது. சீவாளியா, காத்தான்னு என்னால சொல்ல முடியாது. நீங்க ரெண்டு பேரும் இத்தனை வருஷமா மூஞ்சிக்கு மூஞ்சி உக்காந்து ஊதியிருக்கேள். அவரை ஒரு தடவை கூட்டிண்டு வாங்கோ."

மாமா வரவில்லை. என்னைப் பார்க்கவும் வரவில்லை. கோயிலில் ஆள் இல்லை, தாதரில் நிச்சயதார்த்தம் என்று பேச்சியிடம் சொல்லி அனுப்பினார். அவருக்கு இருமல் என்று யாரும் சொல்ல முடியாது. தொண்டையைச் செருமுவார். அந்த வயதில் செருமாதவர் யார்?

அடுத்து நடந்ததைப் பேச்சி பார்வை நேரத்தில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

அப்பாவின் துண்டு என்றைக்கும் சிவப்பாகத்தான் இருக்கும் என்பது துவைக்கிறவள் என்ற முறையில் அவளுக்குத் தெரியும். வெற்றிலை என்று விட்டுவிட்டாள். நான் என் சிவப்பை வெற்றிலை என்று நினைத்ததைக் கேட்ட பிறகு அவளுக்கு அந்தத் துண்டு நினைவாகவே இருந்திருக்கிறது. ஒரு காலையில் வெற்றிலைச் செல்லத்தைத் தூக்கி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"ஒம் புருசனுக்கு ஊசி, எனக்கு இதாக்கும்? நான் என்னட்டி தப்பு செஞ்சேன்?" என்றாராம் மாமா.

"நாலு நாளு போடாம இருங்கப்பா. அஞ்சாம் நாளு நானே மடிச்சுத் தாரேன்."

மருமகனுக்காக மாமனார் விரதம் இருக்கிற வீடு இது ஒன்றுதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் பேச்சி புதிதாகத் துவைத்த வெள்ளைத் துண்டை அவர் தோளில் போட்டாள். அவர் வாசித்தார், நடுவில் செருமினார், வாயைத் துடைத்துக்கொண்டார். வாசித்து முடித்ததும் அவள் துண்டை எடுத்து, சிவப்புப் பட்ட இடம் தெரியும்படி அவர் மடியில் விரித்து வைத்தாள்.

பல் ஈறாக இருக்கும் என்றார் அவர். பிறகு துண்டை மடித்து வைத்துவிட்டு, "டி.பி.காரன் ஊதுத நாயனத்துக்கு எவன்ட்டி தாலி கட்டுவான்?" என்று கேட்டார்.

"ஒங்களாலதான் அவுகளுக்கு வந்துச்சுன்னு நான் சொல்லலப்பா. பாத்துட்டு வருவோம்னுதான் சொல்லுதேன்."

அவர் அவளை அழைக்காமல் தனியாகவே கிளம்பி வந்துவிட்டார். சட்டைக்கு மேல் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, கச்சேரிக்கு வருகிறவர் போல வார்டுக்குள் நுழைந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், இரண்டு நுரையீரலிலும் பழைய தழும்புகள் இருந்தன. சளியில் கிருமி இருந்தது. பல வருஷமாகவே மெல்ல இருந்துவந்திருக்கும், சில முதியவர்களுக்குப் பெரிய இருமல் இல்லாமலே அப்படி இருக்கும் என்றார் டாக்டர். எனக்கு இரண்டு கட்டில் தள்ளி அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

அன்று என் கட்டில் பக்கம் வந்து நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். போர்வையை என் கால்வரை இழுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவருக்கு ஊசி போடுவதற்கு முன் டாக்டர் ஒரு விஷயத்தை விளக்கினார். இந்த ஊசி சிலருக்குக் காதைத் தாக்கும். இரைச்சல் வரும், கேட்பது குறையும். வயதானவர்களுக்கு அது அதிகம். வேண்டாமென்றால் ஊசி இல்லாமல் மற்ற இரண்டையும் கொடுக்கலாம். ஆனால் கிருமி போக நாளாகும். எவ்வளவு நாள் என்று மாமா கேட்டார். இரண்டு வருஷம்கூட ஆகலாம் என்றார் டாக்டர்.

"ஊசின்னா?"

"அதுல பாதிக்கும் முன்னாடியே சளி சுத்தமாயிடலாம். ஆனா காதுல ஏதாவது சத்தம் கேட்டா அன்னிக்கே சொல்லணும். நிறுத்திடுவேன்."

சொல்கிறேன் என்று மாமா ஒப்புக்கொண்டார். ஊசி போட்டுக்கொண்டார்.

வார்டில் அவர் இருந்தது மற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு. கட்டிலில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டு மெல்ல முனகுவார். விக்ரோலியிலிருந்து வந்த ஒரு மராட்டிக்காரர் பஜனை வேண்டும் என்று கேட்பார். மாமாவுக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு மாமாவின் மொழி தெரியாது. ஒருவர் எடுக்க, மற்றவர் தொடர்வார். நர்ஸ் வந்து இருவரையும் அதட்டுவாள். ஒரு கட்டத்தில் மாமா முனகுவதை நிறுத்திவிட்டார். களைப்பு என்று நினைத்தேன்.

நான் முதலில் வீட்டுக்கு வந்தேன். கிடங்கு வேலை போயிருந்தது. தெரிந்தவர் சொல்லி ஒரு கடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. சில மாதம் கழித்து மாமாவும் வந்தார். மாத்திரைகள் தொடர்ந்தன. பேச்சி இருவருக்கும் எதிரே நின்று விழுங்கவைத்தாள். அந்த நாட்களில் எங்களுக்கு மாதம், கிழமை எல்லாம் இல்லை. அடுத்த எக்ஸ்ரே, அடுத்த சளிப் பரிசோதனை, அவ்வளவுதான்.

அடுத்தடுத்து எடுத்த பரிசோதனைகளில் இருவருக்கும் கிருமி இல்லை என்று வந்தது. இனி உங்களால் யாருக்கும் ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்னார். எனக்கு அந்தக் குழி தழும்பாகிவிட்டது, அந்தப் பகுதி இனி வேலை செய்யாது, தம் கட்டக்கூடாது, மற்றபடி கொஞ்சம் ஊதலாம். மாமா ஊதாமல் இருப்பது நல்லது என்றார். நல்லதா, கூடாதா என்று மாமா கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, இருமல் வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்றார்.

பேச்சி இரண்டு தகர டப்பா வாங்கி வந்தாள். ஒன்றில் அவர் சீவாளி, ஒன்றில் என் சீவாளி. துடைக்கும் துணியும் வேறு வேறு. மாமா டப்பாக்களைப் பார்த்து, பாகப்பிரிவினை செய்துவிட்டாயா என்று கேட்டார். அவருடைய சீவாளியை அவர் பழக்கினார். என்னுடையதை வாழ்க்கையில் முதல் முறையாக நானே பழக்கினேன். என் வாயில் அது வெகு நாள் பேசவில்லை.

பேசத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் உட்கார்ந்தோம். பேச்சி சுருதிப் பெட்டியை அமுக்கினாள். மாமா எடுத்தார். குரல் பழைய குரல்தான், சற்று மெலிந்திருந்தது. ஆனால் சுருதிப் பெட்டிக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. சீவாளி சரியில்லை என்று அவர் வேறொன்றை மாட்டினார். அதிலும் அப்படியே.

பக்க நாயனக்காரனின் வேலை முதல் நாயனத்தோடு போவது. அவர் ஏறினால் நானும் ஏறுவேன். அன்றும் உதட்டை அழுத்தி என் சுருதியை அவர் நின்ற இடத்துக்கு ஏற்றிவிட்டேன். இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்திருந்தோம். பெட்டி மட்டும் தனியாக நின்றது.

பேச்சி பெட்டியை நிறுத்தினாள். அவள் தன் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"மாமா, சேரல," என்றேன்.

"எது?"

"ஒங்களுது. கொஞ்சம் மேல நிக்கு."

இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததும் இல்லை. அவர் நாயனத்தை மடியில் கிடத்தினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"காதுக்குள்ள ஒண்ணு ஊதிக்கிட்டே இருக்குவே. நானும் அதுகூடயே சேத்துச் சேத்துப் பாக்கேன்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். வார்டில் ஊசி தொடங்கி இரண்டாம் மாதத்திலிருந்து என்றார். முனகுவதை அவர் நிறுத்திய நாட்கள் அவை. முனகினால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று நிறுத்தியிருக்கிறார்.

"அன்னைக்கே சொல்லச் சொன்னாகளேப்பா," என்றாள் பேச்சி.

"சொன்னா ஊசிய நிப்பாட்டியிருப்பாரு. ரெண்டு வருசம் சும்மா கெடந்து நல்ல காதோட சாவுததுக்கு, இந்தக் காத வச்சுக்கிட்டு வாசிச்சிட்டுப் போறேன்."

போன காது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேல் ஒலிகள் அவருக்கு அநேகமாகக் கேட்பதில்லை. இதை நான் எழுதுவது யாரையும் பயமுறுத்த அல்ல. ஊசிதான் எங்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பியது. இப்படி ஓர் ஊசி போட்டுக்கொள்கிறவர் வீட்டில் இருந்தால், காதில் சத்தம் கேட்கிறதா என்று அவரிடம் தினமும் கேளுங்கள். கேட்கவில்லை என்று அவர் சொன்னால் முகத்தையும் பாருங்கள்.

நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டோம். அவர் இப்போது கண்ணை மூடி வாசிப்பதில்லை. என்னையே பார்த்து வாசிக்கிறார். சுருதி ஏறினால் நான் மோவாயைச் சற்று தாழ்த்துவேன். இறங்கினால் சற்று தூக்குவேன். அவர் உதட்டைத் தளர்த்தியோ அழுத்தியோ சரிசெய்துகொள்வார். ஒரே ஸ்வரத்தில் நின்று நீண்ட கார்வை இழுக்க எனக்கு மூச்சு இல்லை. நடுவில் அறுந்துவிடும். அறுகிற இடம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தில் அவர் நுழைந்து, நான் மூச்சு வாங்கும்வரை பிடித்துக்கொள்வார். அவருக்கும் மூச்சு அதிகம் இல்லை. அதனால் நான் சீக்கிரம் திரும்பிவிடுவேன்.

கல்யாணத்துக்கு எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. மாட்டுங்காவில் விஷயம் தெரிந்துவிட்டது. அதற்காக நாங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. தாராவிக் கோயில் கமிட்டியில் இருக்கும் கடைக்காரர் ஒருவர் மட்டும், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாசிக்கிறீர்களா என்று கேட்டு வந்தார். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். மாமாவே சொன்னார்: எங்களுக்கு இந்த நோய் இருந்தது, இப்போது இல்லை, டாக்டர் பெயர் தருகிறேன், போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் போய்க் கேட்டாரா என்று தெரியாது. கொடைக்கு வாசித்தோம்.

சப்பரத்தோடு நடந்து வாசிக்க இருவராலும் முடியாது. சப்பரம் நிற்கும் முனையில் முன்பே போய் உட்கார்ந்துகொண்டோம். மாமா கரகரப்பிரியாவை எடுத்தார். சின்னச் சின்னப் பிடிகளாக, நடுவில் இடம் விட்டுவிட்டு. ஊர்க்காரர் ஒருவர் அருகில் வந்து, "என்ன அண்ணாச்சி, மருமவன் மூஞ்சியிலயா ராகம் எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"ஆமாவே. நல்ல கையெழுத்து," என்று சொல்லிவிட்டு மாமா அடுத்த பிடிக்குப் போனார்.

இப்போது அவருக்கு எழுபத்து நாலு. எனக்கு ஐம்பது நெருங்குகிறது. மூச்சு என்று ஒன்று இருப்பது முன்பெல்லாம் எனக்குத் தெரியாது. இப்போது மேம்பாலப் படியைப் பார்த்ததும் நெஞ்சு கணக்குப் போடுகிறது. பாதியில் நிற்கிறேன். பின்னால் வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள். நிற்பதில் வெட்கம் இல்லை. முன்பு வருஷம் என்றால் முகூர்த்த மாதங்கள், முகூர்த்தம் இல்லாத மாதங்கள். இப்போது ஒரு பிடி தொடங்கி மூச்சு அறுகிறவரைதான் எனக்குப் பிடிபடுகிறது. அதற்கு அப்பால் நான் பார்ப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் வாசித்துவிட்டுத் திரும்பும்போது, சேர்ந்திருந்ததா என்று மாமா கேட்டார். அவரிடம் இப்போது நான் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். நடுவில் சேர்ந்திருந்தது, முடிக்கும் இடத்தில் இறங்கிவிட்டது என்றேன்.

"அப்பம் நாளைக்கு அந்த எடத்த மட்டும் வாசிப்போம்," என்றார்.

மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் வாசலில் உட்கார்ந்துவிட்டார். பேச்சி பெட்டியை அமுக்கினாள். அந்த இடத்தை மட்டும் வாசித்தோம். நிறுத்தினோம். மூச்சு வாங்கினோம். மறுபடி வாசித்தோம். முழுவதும் சேரவில்லை, முந்தின நாளைவிட நெருங்கியிருந்தது. அப்படியே சொன்னேன்.

"இன்னொரு மட்டம் வாசிப்போம்," என்றார் மாமா.